கழுத்திலா, தோளிலா, இடுப்பிலா: கமராவை எதில் மாட்டுவது?

"அண்ணா, நல்ல கமரா பெல்ட் ஒன்று சொல்லுங்க." போன மாதம் மட்டும் மூன்று தம்பிமார் இதைக் கேட்டார்கள். ஒருவர் களுவாஞ்சிகுடி, ஒருவர் ஏறாவூர், மற்றவர் அக்கரைப்பற்று. மூன்று பேருமே கமரா வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் விசாரித்தவர்கள். லென்ஸுக்கு அதைவிடக் கூட. பெல்ட்டைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. பெட்டிக்குள் வந்ததையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு, அன்றைக்கு இரவு பிடரியில் சித்தாலேப தைலம் பூசிக்கொண்டு படுத்திருக்கும்போதுதான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. 14 வருடத்துக்கு முன் எனக்கும் அப்படித்தான் வந்தது.

மூன்று பேருக்கும் நான் மூன்று பதில் சொன்னேன். ஒருவர் மண்டபத்துக்குள் நின்று கலியாணம் எடுப்பவர், ஒருவர் விடியவே எழும்பி வாவிக்கரையில் பறவை எடுப்பவர், மற்றவர் திருவிழா திருவிழாவாக அலைபவர். ஆகவே எது நல்ல பெல்ட் என்பதற்கு முன், எதை வைத்து அளப்பது என்று பார்த்துவிடுவோம்.

## முதலில் தராசில் வையுங்கள்

குசினித் தராசு போதும். லென்ஸ், பட்டரி, பிளாஷ் எல்லாம் பூட்டி, வேலைக்குக் கொண்டுபோகிற கோலத்திலேயே கமராவை அதில் வையுங்கள். கேனன் 1500டி, கூட வரும் 18-55 மில்லிமீற்றர் லென்ஸோடு 700 கிராம்கூட வராது. சோனி ஏ7 மார்க் 4 இல் 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு லென்ஸைப் போட்டால் 1.35 கிலோ. கேனன் 5டி மார்க் 4 இல் 70-200 எஃப் 2.8 போட்டால் ஏறத்தாழ 2.4 கிலோ. மேலே ஒரு பெரிய பிளாஷ் ஏறினால் இன்னும் அரைக் கிலோ. பறவைக்காரரின் நிக்கோன் டி7500 உம் 200-500 லென்ஸும் சேர்ந்தால் 3 கிலோ.

என் அனுபவத்தில் ஒரு கிலோவுக்குக் கீழே எந்தப் பெல்ட்டும் சமாளிக்கும். அதற்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் கழுத்தை விட்டுவிட வேண்டும். இரண்டரை கிலோவுக்கு மேலே போனால், பெல்ட்டைப் பூட்டுகிற இடமே மாறவேண்டும். கமராவின் காதில், அதாவது பெல்ட் கோர்க்க இரண்டு பக்கமும் இருக்கும் கண்ணில், பூட்டக் கூடாது. லென்ஸைச் சுற்றி இருக்கும் வளையத்தின் காலில் பூட்ட வேண்டும். கனம் முழுவதும் முன்னால் இருக்கும்போது கமராவைப் பிடித்துத் தூக்கினால், லென்ஸ் பூட்டுகிற வாய் அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும்.

## சட்டென்று என்றால், எது சட்டென்று?

எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். கமராவுக்கு இரண்டு வேகம் உண்டு. தொங்குகிற இடத்திலிருந்து கண்ணுக்கு வருகிற வேகம் ஒன்று. உடம்பிலிருந்து முழுதாகக் கழன்று வருகிற வேகம் மற்றது. கடைக்காரர் "குயிக் ரிலீஸ்" என்று சொல்லும்போது இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். முதலாவதில் சிறந்தது இரண்டாவதில் மகா மோசமாக இருக்கலாம்.

ஒருமுறை ஒரு கலியாணத்தில் எண்ணிப் பார்த்தேன். கண்ணுக்குக் கொண்டுபோனது எண்ணிக்கையில் அடங்கவில்லை, விட்டுவிட்டேன். முழுதாகக் கழற்றியது 11 தரம். மோட்டார் சைக்கிளில் ஏறும்போது, ட்ரைபொட்டில் போட்டுக் குடும்பப் படம் எடுக்க, பிறகு அதிலிருந்து எடுக்க, பட்டரி மாற்ற, பந்தியில் உட்கார, உதவிக்கு வந்த தம்பியிடம் கொடுக்க, திரும்ப வாங்க, இப்படி. வேறொரு கலியாணத்தில் பந்தியில் கழற்றாமல் உட்கார்ந்தபோது மணப்பெண்ணின் அம்மம்மா வந்து, "மனே, அதக் கழட்டி வெச்சிட்டு நிம்மதியாச் சாப்பிடு" என்றார். எனக்கோ அது கழற்ற ஒரு நிமிடம் பிடிக்கிற பெல்ட். சாப்பிட்டு முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பறவைக்காரருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவர் ஒரு காலை முழுக்க இரண்டு தரம்தான் கழற்றுவார். மீன்கொத்தி குத்துகிற அரை விநாடிக்குக் கண்ணுக்கு வந்தாக வேண்டும். உங்கள் வேலையில் ஒரு நாளைக்கு எது எத்தனை தரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பாதித் தீர்மானம் அங்கேயே வந்துவிடும்.

## நம் ஊருக்கென்று இருக்கும் அளவுகோல்கள்

வெளிநாட்டுக்காரர் எழுதுகிற மதிப்புரைகளில் வராத சில விஷயங்கள் இங்கே உண்டு.

வியர்வையும் உப்பும் முதலாவது. மட்டக்களப்பின் எழுவான்கரையில் எந்த ஊரும் கடலுக்கும் வாவிக்கும் நடுவில்தான் இருக்கிறது. காற்றில் உப்பு வருடம் முழுக்க இருக்கும். இரும்புக் கொக்கி சில மாதத்தில் துருப்பிடிக்கும். தோல் பெல்ட்டை மழைக்காலத்தில் அலுமாரிக்குள் வைத்தால், தை மாதம் எடுக்கும்போது பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும்.

வெற்றுத் தோள் இரண்டாவது. நம் பக்கத்தில் பல கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், கமராக்காரனுக்கும் அதே சட்டம்தான். சேர்ட்டின் மேலே பட்டுப்போல் இருக்கிற நைலோன் பெல்ட், வியர்த்த வெறும் தோளில் இரண்டு மணித்தியாலம் உரசினால் தோல் கன்றிப்போகும். அதிலே விபூதியும் மஞ்சள் தண்ணீரும் பட்டால் எரிச்சல் தாங்காது.

மூன்றாவது மோட்டார் சைக்கிள். பெரும்பாலானோர் அதில்தான் வேலைக்குப் போகிறோம். ஹெல்மட் போட்டபின் தலைவழியாகக் கழற்றுகிற எந்தப் பெல்ட்டும் கழற்ற முடியாத பெல்ட்தான். இன்னொன்று, எந்தப் பெல்ட்டாக இருந்தாலும் கமராவை உடம்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஓடாதீர்கள். விழுந்தால் கமரா விலா எலும்பில் ஏறும். பைக்குள் போட்டு ஓடுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: ஒரு ஸ்க்ரூ, ஒரு கொக்கி, ஒரு தையல் விட்டால் கமரா கீழே போகுமா, அல்லது வேறொன்று பிடித்துக்கொள்ளுமா? இதற்குப் பதில் தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

## பெட்டியோடு வரும் கழுத்து பெல்ட்

இதை எல்லோரும் ஏசுகிறார்கள். அவ்வளவு மோசமில்லை. காசு இல்லை, இரண்டு காதிலும் பிடிக்கிறது, தானாகக் கழலாது. ஒரு கிலோவுக்குக் கீழ்ப்பட்ட கமராவுக்குப் போதும். சனநெருக்கத்தில் கமரா நெஞ்சுக்கு நேரே, உங்கள் கண்ணுக்குக் கீழே இருப்பது பெரிய பாதுகாப்பு. கொக்கட்டிச்சோலைத் தேர் வடம் இழுக்கிற நேரம் கமராவை இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கலாம். இடுப்பில் தொங்குகிற கமராவை அந்தக் கூட்டத்தில் யார் இடிக்கிறார், யார் இழுக்கிறார் என்றே தெரியாது.

கெடுதி கனத்தில்தான். இரண்டு கிலோ பிடரியில் தொங்கினால் தலை தானாக முன்னுக்குச் சாயும், அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற தசைகள் நாள் முழுக்க வேலை செய்யும். குனிந்தால் கமரா ஊஞ்சலாடும். கழற்றுவதும் தலைவழியாகத்தான்.

காசு அதிகம் இல்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. அகலமான நியோப்ரீன் கழுத்து பெல்ட், கமராவின் காதுக்குக் கிட்டவே இரண்டு பக்கமும் அழுத்தித் திறக்கிற பிளாஸ்டிக் பூட்டோடு வருவது. பள்ளிக்கூடப் பையில் இருக்கும் அதே மாதிரிப் பூட்டுத்தான், நல்ல தரத்தில். ஒப்டெக் போன்றவர்கள் கனகாலமாகச் செய்கிறார்கள். இரண்டு பூட்டையும் திறந்தால் கமரா தனியாக வந்துவிடும், மிஞ்சிய துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டினால் கைப்பிடியாகிவிடும். நியோப்ரீன் கொஞ்சம் இழுபடும், அதனால் நடக்கும்போது கமரா துள்ளும், ஆனால் கனம் குறைந்த மாதிரி இருக்கும். வியர்வையைக் குடிக்கும், நாறும். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள்.

## குறுக்குத் தோள் பெல்ட்

இடது தோளில் ஏறி, நெஞ்சைக் குறுக்கே கடந்து, வலது இடுப்பில் கமரா தொங்கும். தோளில் இருக்கிற பஞ்சு அசையாது. கமரா மட்டும் பெல்ட் வழியே வழுக்கி மேலே வரும். கண்ணுக்குக் கொண்டுவருகிற வேகத்தில் இதை வெல்ல ஒன்றும் இல்லை. கனம் கழுத்தை விட்டுத் தோளுக்கும் முதுகுக்கும் போகிறது. நான் அதிகம் பாவித்தது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இதில் இரண்டு சாதி உண்டு. முதல் சாதி, பிளாக்ராபிட் மாதிரி, கமராவின் அடியில் ட்ரைபொட் பூட்டுகிற 1/4 அங்குலத் துளையில் ஒரு ஸ்க்ரூவை இறுக்கி, அதில் கொக்கி மாட்டுவது. கமரா தலைகீழாகத் தொங்கும், லென்ஸ் பின்பக்கம் பார்க்கும், கை இயல்பாகவே பிடியில் போய் விழும். அருமையான வடிவமைப்பு. ஆனால் முழுப் பாரமும் ஒரே ஸ்க்ரூவில். நடக்கும்போது கமரா திரும்பித் திரும்பி ஆடுகிறது, அந்த ஆட்டம் மெல்ல மெல்ல ஸ்க்ரூவைத் தளர்த்தும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மலிவாகக் கிடைத்தது என்று இதே மாதிரிச் செய்த ஒன்றை வாங்கினேன். காலை 6 மணிக்கு இறுக்கினேன். தாலி கட்டி முடிந்து, மண்டப வாசலில் மாப்பிள்ளை பெண்ணை அழைத்துக்கொண்டு இறங்குகிற நேரம், இடுப்பு திடீரென்று லேசானது. அடுத்த விநாடி சீமெந்துப் படியில் சத்தம். லென்ஸின் வாய் வளைந்துபோனது. திருத்தக் கொடுத்த காசுக்கு நல்ல பெல்ட் ஐந்து வாங்கியிருக்கலாம். அன்றைய படங்கள் கார்டில் பத்திரமாக இருந்தன, அதுவே பெரிய ஆறுதல்.

அதற்குப் பிறகு இந்தச் சாதியைப் பாவிப்பதற்கு எனக்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஸ்க்ரூவுக்கும் கமராவுக்கும் நடுவில் ரப்பர் வளையம் கட்டாயம் இருக்க வேண்டும், அது தேய்ந்தால் மாற்ற வேண்டும். மணித்தியாலத்துக்கு ஒருதரம் விரலால் திருகிப் பார்க்க வேண்டும். கொக்கி தானாகத் திறக்காமல் மரை போட்டு மூடுகிற வகையாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கமராவின் காதிலிருந்து கொக்கிக்கு ஒரு சிறிய காப்புக் கயிறு ஓட வேண்டும். ஸ்க்ரூ விட்டாலும் கயிறு பிடிக்கும்.

இந்தச் சாதியின் மறைவான செலவு ட்ரைபொட்டில் தெரியும். துளையில் ஸ்க்ரூ இருப்பதால், கமராவை ட்ரைபொட்டில் உட்காரவைக்க அதே துளையில் பூட்டுகிற தட்டைப் போட முடியாது. குடும்பப் படத்துக்கு ஸ்க்ரூவைக் கழற்றித் தட்டைப் போட்டு, பிறகு தட்டைக் கழற்றி ஸ்க்ரூவைப் போட்டு, அவசரத்தில் அரைகுறையாக இறுக்கி, அப்படித்தான் விழும். இரண்டுக்கும் பொதுவான தட்டு கிடைக்கிறது, தனிக் காசு.

இரண்டாவது சாதி, பீக் டிசைன் செய்கிற மாதிரி, கமராவின் காதில் ஒரு மெல்லிய கயிறு, அதன் நுனியில் பொத்தான் அளவு வட்டம். அந்த வட்டத்தைப் பெல்ட்டின் நுனியில் இருக்கும் பொந்துக்குள் தள்ளினால் 'டக்' என்று பூட்டும். கழற்ற, பெருவிரலால் அழுத்தி வழுக்க வேண்டும். இரண்டு இடத்தில் பிடிப்பதால் ஒன்று விட்டாலும் மற்றது தாங்கும். ஒவ்வொரு வட்டமும் 90 கிலோ வரை தாங்கும் என்று செய்பவர்கள் சொல்கிறார்கள். கயிற்றின் உள்ளே வேறு நிறம் இருக்கிறது. தேய்ந்து அந்த நிறம் வெளியே தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். அதையும் யாரும் பார்ப்பதில்லை. கமராவின் காது ஓரம் கூராக இருந்தால் கயிறு சீக்கிரம் தேயும்.

இது கண்ணுக்கு வருகிற வேகத்தில் முதல் சாதிக்குக் கொஞ்சம் பின்னால், முழுதாகக் கழற்றுகிற வேகத்தில் வெகு முன்னால். ஹெல்மட்டைத் தொடாமலே கழற்றலாம். ஒரே பெல்ட்டை இரண்டு கமராவுக்கு மாற்றலாம், ஒவ்வொரு கமராவுக்கும் வட்டம் மட்டும் வேறாக வாங்கினால் போதும். உப்புத் தண்ணீர் பட்டால் கழுவிக் காயவிடலாம்.

இரண்டு சாதிக்கும் பொதுவான குறைகள்: குனிந்தால் கமரா முன்னால் ஓடிவரும். மண்டபத்தில் ஓடித் திரிகிற சின்னப் பிள்ளைகளின் தலை சரியாக உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கும், திரும்பும்போது கையை லென்ஸில் வையுங்கள். சேலை உடுத்து வேலை செய்கிற தங்கச்சிமாருக்குக் குறுக்கு பெல்ட் மடிப்பைக் கசக்கிவிடும். அவர்கள் ஒற்றைத் தோளில் நேராகப் போட்டுக்கொள்கிறார்கள், அது வழுக்குகிறது. அவர்களுக்கு அடுத்தது நல்ல வழி.

## பையின் வாரில் பூட்டும் கிளிப்

முதுகில் போடுகிற பையின் தோள்வாரில் இரண்டு உலோகத் தகடுகள் இறுகக் கடித்துக்கொள்ளும். கமராவின் அடியில் ஒரு சதுரத் தட்டு. தட்டை மேலிருந்து வழுக்கிவிட்டால் பூட்டிக்கொள்ளும், பொத்தானை அழுத்திக்கொண்டு மேலே இழுத்தால் கையில் வரும். பீக் டிசைனின் கப்ச்சர் 2011 இல் வந்தது. அதற்குப் பிறகு பலர் அதேபோல் செய்கிறார்கள்.

இதில் கமரா ஆடவே ஆடாது. அதுதான் இதன் பெரிய வரம். வயல் வரம்பில் நடக்கலாம், படகில் ஏறி இறங்கலாம், குனியலாம், ஓடலாம், கமரா நெஞ்சோடு ஒட்டியிருக்கும். உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பையை எப்படியும் முதுகில் சுமக்கத்தான் வேண்டும், கமராவின் பாரம் அந்தப் பையின் பாரத்தோடு இரண்டு தோளிலும் சேர்ந்துவிடும், தண்ணீர்ப் போத்தலுக்கும் கைத்தடிக்கும் கை இரண்டும் சும்மா இருக்கும். நல்ல கிளிப்புகளின் தட்டு, தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற ஆர்கா வகை ட்ரைபொட் தலையிலும் நேராக உட்காரும், தட்டை மாற்றத் தேவையில்லை. கழற்றுகிற வேகத்தில் எல்லாவற்றுக்கும் முதல் இதுதான்.

இப்போது மறைந்திருக்கும் செலவு. பை இல்லாவிட்டால் இது வெறும் இரும்புத் துண்டு. மண்டபத்துக்குள் முதுகில் பையோடு கலியாணம் எடுப்பது யாருக்கும் பிடிக்காது, திரும்பும் பக்கமெல்லாம் இடிக்கும். இடுப்புப் பெல்ட்டில் பூட்டலாம், ஆனால் சாதாரண காற்சட்டை பெல்ட் கனத்துக்கு முறுகித் திரும்பிவிடும். பையின் வார் மெல்லியதாக இருந்தாலும் அப்படித்தான், கமராவின் கனத்தில் தோள்வார் ஒருபக்கம் சரிந்து கழுத்தை அறுக்கும். வார் அளவுக்கு மீறித் தடித்திருந்தால் கிளிப் ஏறாது. ஆகவே கிளிப் வாங்குவதென்றால் சிலருக்குப் பையும் வாங்குவதுதான். இரண்டு கமராவென்றால் இரண்டு தட்டு. தட்டின் ஸ்க்ரூவை அலன் சாவியால் இறுக்க வேண்டும், அந்தச் சாவி எப்போதும் வீட்டில்தான் இருக்கும், பையில் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

கனத்துக்கும் எல்லை உண்டு. உலோகம் தாங்கும், உங்கள் தோள் தாங்காது. 70-200 ஐப் போட்டு நெஞ்சில் தொங்கவிட்டால் படியேறும் ஒவ்வொரு அடிக்கும் லென்ஸ் வயிற்றில் குத்தும். உள்ளே கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) சிறிய கமராவும் 24-70 வரையான லென்ஸும் இதற்கு அளவானது.

அப்புறம் மணல். பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் காற்றோடு வருகிற பொடிமணல் தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டால் பூட்டு கரகரக்கும், சிலவேளை பாதியில் நின்றுவிடும். 'டக்' என்ற சத்தம் கேட்டதா என்று பார்த்து, ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

## இடுப்புக் கொளுவி

ஸ்பைடர் என்ற பெயரில் வருவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அகலமான பெல்ட், அதில் ஒரு பூட்டு. கமராவின் அடித்தட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் முளை அந்தப் பூட்டுக்குள் விழுந்து தொங்கும். தோளுக்கும் கழுத்துக்கும் ஒரு கிராம்கூடக் கனம் இல்லை. கழுத்து வருத்தம் இருக்கிறவர்களுக்கு, டொக்டர் பாரம் தூக்க வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு, இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. எடுப்பதும் வைப்பதும் ஒரு கையால்.

உட்காரத்தான் முடியாது. கதிரையில் உட்கார்ந்தால் லென்ஸ் கைப்பிடியில் இடிக்கும், பாயில் உட்கார்ந்தால் தரையில் இடிக்கும். வானில் போகும்போது கழற்றி மடியில் வைக்க வேண்டும். வேட்டிக்கு மேலே இந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஒரு கும்பாபிஷேகம் முழுக்க நின்றிருக்கிறேன். வேட்டி வழுக்க, பெல்ட் இறங்க, ஒரு கை முழுநேரமும் இடுப்பிலேயே இருந்தது. காற்சட்டைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## இரட்டைத் தோள் வார்

முதுகில் பெருக்கல் குறிபோல் வார் போய், இரண்டு இடுப்பிலும் இரண்டு கமரா தொங்கும். 24-70 ஒன்றிலும் 70-200 மற்றதிலும் போட்டால் நான்கு கிலோ. அதை எட்டு மணித்தியாலம் சுமக்க வேண்டுமென்றால் இரண்டு தோளுக்கும் பிரித்துக் கொடுக்கிற இதுதான் நியாயமான வழி. லென்ஸ் மாற்றுகிற வேலையே இல்லை என்பதால் தாலி கட்டும்போதும் ஆலாத்தி எடுக்கும்போதும் ஒன்றும் தவறாது.

கழற்றுவதுதான் கஷ்டம். நான் சொன்ன பந்திக் கதை இதைப் போட்டிருந்த நாளில் நடந்தது. முதுகில் வார் இருக்கிற இடம் முழுக்க நனைந்துவிடும். கோயிலில் வெறும் மேலோடு போட முடியாது. முழங்காலில் குந்தினால் இரண்டு லென்ஸும் தரையைத் தொடும். தோலால் செய்தவை பார்க்க அழகு, விலையும் அதற்கேற்ற மாதிரி. நம் வெயிலில் வியர்வை பட்டுச் சாயம் கரைந்து வெள்ளைச் சேர்ட்டில் இறங்குவதையும் மாரியில் பூஞ்சணம் பிடிப்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நைலோன்தான் எங்களுக்கு. மாதம் இரண்டு மூன்று பெரிய கலியாணம் வராதவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை.

## மணிக்கட்டுப் பட்டி

ஒரு கிலோவுக்குள் இருக்கும் கமராவுக்கு மலிவான, நல்ல வழி. கையிலிருந்து தவறினாலும் விழாது, அவ்வளவுதான் இதன் வேலை. கை ஓய்வெடுக்க முடியாது. வேறொரு பெல்ட்டுக்குத் துணையாக வைத்திருங்கள்.

## ஒரு பார்வைக்கு

| வழி | கண்ணுக்கு வரும் வேகம் | முழுதாகக் கழலும் வேகம் | தாங்கக்கூடிய கனம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| பெட்டியோடு வரும் கழுத்து பெல்ட் | நல்லது | மோசம் | 1 கிலோ வரை | பிடரி வலி |
| பூட்டு வைத்த நியோப்ரீன் | நல்லது | நல்லது | 1.5 கிலோ வரை | வியர்வை நாற்றம், அடிக்கடி கழுவுதல் |
| குறுக்கு பெல்ட், ஸ்க்ரூ வகை | மிக நல்லது | சுமார் | 2.5 கிலோ வரை | காப்புக் கயிறு, ட்ரைபொட் தட்டு |
| குறுக்கு பெல்ட், வட்ட வகை | நல்லது | மிக நல்லது | 2.5 கிலோ, வளையக் காலில் 3 | ஒவ்வொரு கமராவுக்கும் வட்டம் |
| பை வார் கிளிப் | நல்லது | மிக நல்லது | 1.5 கிலோ வரை | தகுந்த பை, மேலதிகத் தட்டு |
| இடுப்புக் கொளுவி | மிக நல்லது | நல்லது | 2.5 கிலோ வரை | உட்கார முடியாமை |
| இரட்டைத் தோள் வார் | மிக நல்லது | மோசம் | இரண்டு கமராவுக்கு 4 கிலோ | புழுக்கம், அதிக விலை |

கனக் கணக்கு எல்லாம் என் தோள் சொன்னது. உங்கள் தோள் வேறு சொல்லலாம்.

## யாருக்கு எது

ஒரே கமராவோடு கலியாணம் எடுக்கிறவருக்கு வட்ட வகைக் குறுக்கு பெல்ட். களுவாஞ்சிகுடித் தம்பிக்கு இதைத்தான் சொன்னேன். இரண்டு கமரா வந்தபின்னும் நான் இரட்டை வாருக்குப் போவது குறைவு. 70-200 ஐ வளையக் காலில் பூட்டிக் குறுக்கு பெல்ட்டில் தொங்கவிட்டு, 24-70 போட்ட கமராவை மணிக்கட்டுப் பட்டியோடு கையில் வைத்திருப்பேன். கை களைத்தால் தம்பியிடம் கொடுத்துவிடலாம், வட்டம் ஒரே 'டக்'கில் கழலும்.

திருவிழாவே கதி என்றிருக்கும் அக்கரைப்பற்றுத் தம்பிக்குப் பூட்டு வைத்த கழுத்து பெல்ட்டை, நீளத்தைக் குறைத்து நெஞ்சுக்கு மேலே நிற்கும்படி போடச் சொன்னேன். தேரிலும் பாண்டிருப்புத் தீ மிதிப்பிலும் கமரா உங்கள் கண்முன்னே இருக்க வேண்டும். வெறும் மேலோடு போகும்போது தோளில் சால்வையை மடித்துப் போட்டு அதன்மேல் பெல்ட்டைப் போடுங்கள், உரசாது. மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கேணிப் படியில் நிற்பவர்கள் நைலோனோடு போங்கள், தோலும் நியோப்ரீனும் அன்றைக்கு வீட்டில் இருக்கட்டும்.

வாவிக்கரையில் நடந்து பறவை எடுக்கும் ஏறாவூர்த் தம்பிக்கு வட்ட வகை, கட்டாயம் லென்ஸ் வளையக் காலில். குமண தேசியப் பூங்காவுக்கு ஜீப்பில் போகிறவர்களுக்குப் பெல்ட்டே வேண்டாம். பெரிய லென்ஸ் மடியில் இருக்க, தொங்குகிற பெல்ட் கதவுப் பிடியில் மாட்டி, யானை வந்த நேரம் இழுபட்டுக்கொண்டிருக்கும்.

படகைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கினியாகலயில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் யானை நீந்துவதை எடுக்கப் போகும்போதும் சரி, குருமண்வெளியில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி மண்டூருக்குக் கடக்கும்போதும் சரி, உயிர்காப்பு அங்கியை முதலில் போடுங்கள், பெல்ட்டை அதன் மேலே போடுங்கள். பலர் பெல்ட்டுக்கு மேலே அங்கியைப் போட்டு இறுக்குகிறார்கள். தண்ணீரில் விழுந்தால் மூன்று கிலோ உடம்பில் கட்டப்பட்டிருக்கும், கழற்றவும் முடியாது. படகுக்கு ஒரு கையால் திறக்கிற பெல்ட்தான், அல்லது பெல்ட் இல்லாமல் மடியில்.

## குஷன் கடையில் தைத்தால் என்ன?

தைக்கலாம். வாகன இருக்கை தைக்கிற குஷன் கடைகளில் சீட் பெல்ட் நாடா கிடைக்கும். ஐந்து சென்ரிமீற்றருக்குக் கிட்ட அகலம், தோளுக்குச் சுகம், இலகுவில் அறாது. மணிக்கட்டுப் பட்டியும் கழுத்து பெல்ட்டும் அப்படிச் செய்வித்து இன்றைக்கும் பாவிக்கிறேன். மூட்டில் சதுரமாகத் தைத்து அதன் நடுவே பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள், நைலோன் நூலால். கொக்கி, பூட்டு, ஸ்க்ரூ மூன்றையும் மட்டும் அங்கே செய்விக்காதீர்கள், பழைய பையிலிருந்தும் வெட்டி எடுக்காதீர்கள். காசு போட வேண்டிய இடம் அந்த மூன்றும்தான்.

வாங்கும் முன் கடையிலோ, நண்பரிடம் இரவல் வாங்கியோ, இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி அந்தப் பெல்ட்டில் கட்டித் தொங்கவிடுங்கள். அது கிட்டத்தட்ட இரண்டு கிலோ. அரை மணித்தியாலம் நடங்கள், குனியுங்கள், கதிரையில் உட்காருங்கள், ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு கழற்றிப் பாருங்கள். பிறகு கமராவைப் பூட்டி, கட்டில் மெத்தைக்கு மேலே பிடித்து ஐம்பது தரம் மாட்டிக் கழற்றுங்கள். ஐம்பதாவது தரம் பார்க்காமலே விரல் பூட்டைத் தேடிப் போகிறதா என்று கவனியுங்கள்.